நறுவிலிப் பசையில் கொஞ்சம் தண்ணீர்

பெரிய வியாழனன்று காலை பத்து மணிக்குக் கத்பர்ட் மாமா எங்கள் பட்டங்களைப் பிடித்துக்கொண்டு போக வந்தார்.

அவர் ஊர் மன்றத்தின் காவலாள். தெருவில் திரியும் மாடுகளைப் பிடித்துப் பவுண்டு என்னும் பட்டியில் அடைப்பது அவர் வேலை. அதனால் பட்டம் பிடிக்க வந்தபோதும் பழக்கம் விடாமல் தோளில் கயிற்றைப் போட்டுக்கொண்டு, கழுதை வண்டியை ஓட்டிக்கொண்டு வந்தார். உயரமான தூண்களின் மேல் நிற்கும் எங்கள் வீட்டுக்கு அடியில், தூண்களுக்கு நடுவே கட்டிய கொடியில் ஒன்பது பட்டங்கள் காய்ந்துகொண்டிருந்தன. அவற்றைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

"ஒனிகா, என்னைத் திட்டாத பிள்ளே. ஆர்டர்."

நான் யாரையும் திட்டுகிறவள் இல்லை. அது ஊருக்கே தெரியும். எனக்குப் பதிலாகத் திட்டுவதற்குத் துல்சி இருந்தாள். எட்டு வயது. வீட்டு முற்றத்தில் மூங்கிலில் சிவப்புக் கொடி பறக்கும் இந்து வீட்டுப் பிள்ளை. ஆனால் ஈஸ்டருக்குப் பட்டம் விடுவதில் அவளை மிஞ்ச ஊரில் எந்தக் கிறிஸ்தவப் பிள்ளையும் கிடையாது.

"என்ன ஆர்டர்? பட்டம் என்ன, யார் தோட்டத்துலயாவது மேஞ்சுச்சா?"

"ஏ வாயாடி, சும்மா இரு. ஹைன்ட்ஸ் சார் சொல்லிட்டாரு. இந்த வருசம் மேய்ச்சல் வெளியில பட்டம் கிடையாது. முன்கூட்டியே எடுத்துட்டு வரச் சொன்னாரு."

காரணம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். மேய்ச்சல் வெளியின் ஓரத்தில் ஆஸ்பர்ன் என்பவர் மாடி வீடு கட்டியிருந்தார். முப்பது வருடம் நியூயார்க்கில் இருந்துவிட்டு வந்தவர். போன ஈஸ்டரில் ஒரு பட்டம் அவர் வீட்டு டிவி டிஷ்ஷில் சிக்கிக்கொண்டது. அதைவிட, பட்டங்களின் ரீங்காரத்தில் தூங்க முடியவில்லை என்றார். பட்டத்தின் தலையில் இழுத்துக் கட்டும் காகித நாக்கைத்தான் சொல்கிறேன். நாங்கள் அதைக் காளை என்போம். காற்றில் அது உறுமாவிட்டால் எங்களுக்கு அது பட்டமே இல்லை. ஆஸ்பர்ன் மன்றக் கட்டடத்துக்குப் புதுக்கூரை போட்டுக் கொடுத்தார். அடுத்த மாதமே ரீங்காரம் மன்றத் தலைவர் ஹைன்ட்ஸ் சாருக்கும் கேட்க ஆரம்பித்துவிட்டது.

கத்பர்ட் மாமா ஒவ்வொரு பட்டமாக அவிழ்த்து வண்டியில் வைத்தார். மூன்று நாள் வேலை. திங்கட்கிழமை தென்னோலை கிழித்து ஈர்க்கு எடுத்தோம். ஆறு முனைப் பட்டத்துக்கு மூன்று ஈர்க்கை நடுவில் சேர்த்துக் கட்டிச் சுற்றிலும் நூல் ஓட்டினோம். செவ்வாய்க்கிழமை வண்ணத்தாள் ஒட்டினோம். புதன்கிழமை ஓரங்களுக்குச் சுருக்கு வைத்து, என் அம்மாவின் பழைய பாவாடையைக் கிழித்து வால் கட்டினோம். வேலைக்குப் போகிற அம்மாக்கள் விடுமுறையில் பிள்ளைகளை என்னிடம் விட்டுவிட்டுப் போவார்கள். நான் எப்போதும் வீட்டில் இருப்பவள். பள்ளிக்கூடம் நின்று இரண்டு வருடம் ஆகிறது.

பசை நறுவிலிப் பழத்தில்தான். பின்புறம் ஒரு மரம் நிற்கிறது. பழத்தைப் பிதுக்கினால் சளி மாதிரி வரும். பிள்ளைகளுக்கு அதில் ஆனந்தம் தாங்காது, மூக்கில் வைத்துக்கொண்டு தும்முவார்கள். நான் அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்த முதல் விதி, பசையில் தண்ணீர் விடக்கூடாது என்பது. தண்ணீர் விட்டால் ஈரம் இருக்கும்வரை நன்றாகப் பிடித்தது மாதிரி இருக்கும். காய்ந்து, வெயிலும் காற்றும் பட்டால் தாள் முழுசாகக் கழன்று வந்துவிடும், ஒரு கீறல்கூட இல்லாமல். செவ்வாய்க்கிழமை ராவ்ல் என்ற பையன் பசை அதிகம் வேண்டுமென்று ஒரு கோப்பைத் தண்ணீரை ஊற்றிவிட்டான். புதன்கிழமை காலை அவன் பட்டம் எலும்புக்கூடாகக் கொடியில் தொங்கியது, தாள் கீழே கிடந்தது. மறுபடியும் ஒட்டினோம்.

அந்தப் பட்டமும் இப்போது வண்டிக்குள் போனது. ராவ்லின் தங்கை ஷெமாவுக்கு நாலு வயது. அவள் வண்டிச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"என் பட்டத்துக்குப் புல்லு போடுவியா மாமா?"

கத்பர்ட் மாமா கழுதையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இந்த வேலைக்கு ஒரு மாடாவே பொறந்திருக்கலாம்," என்றார்.

கிளம்பியவர், வண்டியில் இருந்த ஒரு கட்டுத் தாளைத் தட்டிக்காட்டித் திரும்பினார்.

"பிள்ளே, தப்பா நினைக்காத. பசை இருக்கா? நாப்பது நோட்டீஸ் ஒட்டணும். சார் ஆணி குடுத்தாரு. இந்த வாரத்துல ஆணி அடிக்கிறவன் நான் இல்லன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டேன். என் பொண்டாட்டி தெரிஞ்சா வீட்டுக்குள்ள சேர்க்க மாட்டா."

சிலுவையில் ஆணி அடித்த வாரம் என்று, பெரிய வாரத்தில் எங்கள் ஊரில் யாரும் ஆணி அடிக்க மாட்டார்கள். கூரை ஒழுகினாலும் திங்கட்கிழமை வரை பானை வைத்துப் பிடிப்பார்கள்.

அவர் ஒரு நோட்டீஸை என் கையில் கொடுத்தார். கெட்டியான நல்ல தாள், பெரிய எழுத்து. மேலே மன்றத்தின் முத்திரை. மனதுக்குள் படித்தேன். மனதுக்குள் நான் யாரையும்விட வேகமாகப் படிப்பேன்.

மேய்ச்சல் வெளியிலும் கடலணையிலும் பட்டம் பறக்கவிடுவது தடை செய்யப்படுகிறது. மீறிப் பறக்கும் பட்டங்கள் பறிமுதல் செய்யப்படும். இந்த அறிவிப்பைக் கிழிப்பவர்களுக்கு அபராதம் விதிக்கப்படும். இப்படிக்கு, எஸ். ஹைன்ட்ஸ், தலைவர்.

அந்தக் கையெழுத்தை எனக்குத் தெரியும். அவர் தலைவர் ஆவதற்கு முன்னால் எங்கள் தலைமை ஆசிரியர். எனக்குச் சத்தமாகப் படிக்க வராது. சொல் தொண்டை தாண்டி வரும், உதட்டில் நின்றுவிடும். ஒருநாள் வகுப்பில் என்னை எழுப்பி நிறுத்தினார். நான் முதல் வரியிலேயே நின்றேன். அவர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "இந்தப் பொண்ணு மெதுவா படிக்கட்டும். நாம பெல் அடிச்சு, வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டு, தூங்கி எழுந்து நாளைக்கு வந்து மிச்சத்தைக் கேப்போம்," என்றார். வகுப்பு சிரித்தது. மறுவாரம் நான் போகவில்லை. அதற்கடுத்த வாரமும் போகவில்லை.

நோட்டீஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, பசை டப்பாவை எடுத்துக்கொண்டு தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போனேன். ஒரு கோப்பை ஊற்றினேன். யோசித்து இன்னொன்று ஊற்றினேன். குச்சியால் கலக்கித் திரும்பினால், துல்சி பின்னால் நின்றிருந்தாள். கண் இரண்டும் விரிந்திருந்தன. வாயைத் திறந்தாள். நான் அவளைப் பார்த்தேன். மூடிக்கொண்டாள். அவள் தானாக வாயை மூடி நான் பார்த்தது அன்றுதான்.

"நல்ல பிள்ளை," என்று டப்பாவை வாங்கிக்கொண்டார் கத்பர்ட் மாமா. "உங்க அம்மாகிட்ட சொல்லு, பன்னு ரெண்டு எடுத்து வைக்கச் சொல்லு."

அன்று சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்க நோட்டீஸ். பாலத்தில், ரொட்டிக்கடைச் சுவரில், விளக்குக் கம்பங்களில், வெளியைச் சுற்றிய வேலிப் பலகைகளில் வரிசையாக. ஈரத்தோடு மினுங்கிக்கொண்டு நின்றன.

மறுநாள் பெரிய வெள்ளி. அம்மா விடியுமுன்னே சிலுவை பன் சுட்டு முடித்துக் கத்தியை அலமாரியில் வைத்துவிட்டாள். பெரிய வெள்ளியில் கத்தி, கத்தரிக்கோல், ஊசி எதுவும் தொடக்கூடாது. பன்னைக் கையால் பிய்த்துத்தான் சாப்பிடுவோம். வெயில் சுள்ளென்று அடித்தது. கடலிலிருந்து காற்று நிற்காமல் வந்தது.

ஒன்பது மணிக்கு ராவ்ல் முதல் தாளோடு வந்தான்.

"அக்கா, நான் கிழிக்கல. சத்தியமா. பாலத்துக்கிட்ட போனேன், அதுவா விழுந்துச்சு."

பதினோரு மணிக்குள் நோட்டீஸ் தோப்பிலும் ஓடையோரத்திலும் பறந்துகொண்டிருந்தது. சர்ச் விட்டு வந்த பெண்கள் ஆளுக்கு ஒன்றாகக் காலடியிலிருந்து எடுத்தார்கள். துல்சி ஊர் முழுக்க ஓடி, பிள்ளைகளை அனுப்பிப் பொறுக்கவைத்தாள். மதியம் எங்கள் வீட்டுக்கு அடியில் முப்பத்தெட்டுத் தாள்கள் அடுக்கியிருந்தன. ஒன்று ஓடைத் தண்ணீரில் போய்விட்டது. இன்னொன்றை ஆடு தின்றுவிட்டது.

"ஆடு கிழிச்சா ஃபைன் யாருக்கு அக்கா?" என்றாள் துல்சி.

நான் ஒரு தாளை எடுத்துத் தரையில் விரித்தேன். வாயால் சொல்வதைவிடக் கையால் சொல்வது எனக்குச் சுலபம்.

எங்களிடம் சின்னப் பட்டம் ஒன்று உண்டு. கேடி-ஓல்-பஞ்ச் என்பார்கள். மூன்று வயதுப் பிள்ளைகூடச் செய்யும். ஒரே தாள், வெட்டே கிடையாது. தாளை நீளவாக்கில் வைத்து, இரண்டு பக்க ஓரத்தையும் ஒரு விரல் அகலம் உள்ளே மடிக்க வேண்டும். மேல் ஓரத்தையும் அப்படியே. ஓர் ஈர்க்கை வில் மாதிரி வளைத்து, அந்த மடிப்புகளுக்குள் நுழைத்து, தண்ணீர் கலக்காத பசை தடவி அழுத்தினால் முடிந்தது. மீதியெல்லாம் நூலும் வாலும்தான். கத்தரிக்கோல் வேண்டாம். பெரிய வெள்ளியில் செய்யக்கூடிய பட்டம் அது ஒன்றுதான். பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்து மடித்தார்கள். ஷெமா நாக்கை வெளியே நீட்டிக்கொண்டு மடித்தாள். அவள் மடிப்பு கோணலாகத்தான் வந்தது. நான் பிரிக்கவில்லை.

நூல் கட்டும் இடத்தில் சிக்கல் வந்தது. வழக்கமாக ஊசியால் இரண்டு ஓட்டை போட்டுத்தான் சூத்திரக் கயிறு கட்டுவோம்.

"இன்னிக்கு ஊசி எடுத்தா எங்கம்மா கொன்னுடுவா," என்றான் ராவ்ல்.

"ஊசி மட்டுமாடா?" என்று துல்சி நோட்டீஸின் கடைசி வரியில் விரலை வைத்தாள். "இங்க பாரு. கிழிச்சா ஃபைன். ஓட்டை போட்டா கிழிச்ச மாதிரியா அக்கா?"

நான் அந்த வரியை மறுபடியும் படித்தேன். எழுந்து போய் இன்னும் நீளமான ஈர்க்குகள் எடுத்து வந்தேன். வில்லின் இரண்டு நுனியும் தாளுக்கு வெளியே ஒரு விரல்கணு நீட்டிக்கொண்டிருக்கும்படி வைத்து, நூலை அந்த நுனிகளில் கட்டிக்காட்டினேன். ஓட்டையே இல்லை. வாலை ஒட்டிவிட்டோம். காளைக்கு, புதன்கிழமை வெட்டி மிஞ்சிய வண்ணத்தாள் துண்டுகள் ஒரு பை நிறைய இருந்தன.

"ஒரு கீ... கீறலும் விழக்கூடாது," என்றேன். "ஒண்ணுலகூட."

சாயங்காலம் அம்மா இறங்கி வந்து கொடியைப் பார்த்தாள். முப்பத்தெட்டு முத்திரை. ஒவ்வொன்றிலும் ஹைன்ட்ஸ் கையெழுத்து. என் அம்மா பெயர் வேவனி, சாலையோரத்தில் பன்னும் கடலையும் விற்கிறவள். அவள் தட்டு வைக்கும் இடம் மன்றத்தின் இடம்.

"பசை குடுத்தது நீதானே?"

தலையாட்டினேன்.

"தண்ணி?"

அதற்கும் தலையாட்டினேன்.

"வாய்க்கு வர வேண்டிய திமிரெல்லாம் உனக்குக் கைக்கு வந்துடுச்சுடி," என்றாள். பிறகு ஒரு பட்டத்தின் வாலைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள். "வால் பத்தாது. குட்டிக்கரணம் அடிக்கும். என் நீலப் பாவாடை இருக்கு, திங்கட்கிழமை கிழிச்சுக்கோ."

ஈஸ்டர் திங்கட்கிழமை எட்டு மணிக்கு மேய்ச்சல் வெளியில் ஆள் இருந்தது, பட்டம் இல்லை. சனங்கள் வழக்கம்போலப் பாயும் சோற்றுப் பானையும் ஐஸ் பெட்டியுமாக வந்து உட்கார்ந்திருந்தார்கள். பெரிய பட்டங்கள் வைத்திருந்தவர்கள் அவற்றைப் போர்வைக்குள் சுற்றிக் கொண்டுவந்து பக்கத்தில் கிடத்தியிருந்தார்கள். யார் முதலில் என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆஸ்பர்ன் வீட்டு மாடியில் நாற்காலி போட்டிருந்தது.

ஊர்ப் பிள்ளைகள் ஆளுக்கொரு பட்டத்தோடு வேலியோரம் வரிசையாக நின்றார்கள். நான் கையைத் தூக்கினேன். ஓடினார்கள்.

சின்னப் பட்டம் என்றாலும் அந்தக் காற்றுக்கு ஒரு நொடி போதும். முப்பத்தெட்டும் ஏறின. முப்பத்தெட்டு வெள்ளைத் தாள், எழுத்துப் பக்கம் கீழே பார்த்தபடி. மண்ணில் கிடந்தபோது யாரும் படிக்காததை இப்போது சனம் எல்லாம் கழுத்தை நிமிர்த்திப் படித்தது. பட்டம் பறக்கவிடுவது தடை செய்யப்படுகிறது. முதலில் ஒரு கிழவர் சிரித்தார். அப்புறம் பாய் பாயாகச் சிரிப்பு பரவியது. காளைகள் மெல்லிசாக, கொசுக் கூட்டம் மாதிரி ரீங்கரித்தன.

ஹைன்ட்ஸ் சார் பத்து நிமிடத்தில் வந்தார். வெள்ளைச் சட்டை, கையில் குடை. பின்னால் கயிறோடு கத்பர்ட் மாமா.

"யார் வேலை இது?"

பிள்ளைகள் எல்லோரும் என்னைச் சுற்றித்தான் நின்றிருந்தார்கள். அவர் என்னைப் பார்த்தார். அடையாளம் தெரிந்துகொண்டார்.

"ஓ. நீயா. மன்றத்தோட அறிவிப்பைத் திருடிப் பட்டம் செஞ்சியா?"

"திருடல சார், அதுவா விழுந்துச்சு," என்றாள் துல்சி. "தரையில கிடந்தா யாரும் படிக்க மாட்டாங்கன்னு மேல ஏத்தி விட்டோம். ஆஸ்பர்ன் வீட்டு மாடி வரைக்கும் தெரியுது பாருங்க!"

சிரிப்பு. அவர் காது சிவந்தது.

"கத்பர்ட், எல்லாத்தையும் இறக்கிக் கிழிச்சுப் போடு."

கத்பர்ட் மாமா ஓரடி வைத்தார்.

நான் குனிந்து ஷெமாவின் நூலை வாங்கி, அவள் பட்டத்தை இழுத்து இறக்கினேன். அதைக் கையில் பிடித்துக்கொண்டு ஹைன்ட்ஸ் சாருக்கு முன்னால் போய் நின்றேன். கடைசி வரியைக் காட்டினேன்.

"என்ன காட்டுற? வாயில சொல்லு." அவர் உதடு ஒரு பக்கம் கோணியது. பழைய கோணல்தான். கடிகாரத்தைப் பார்த்தார். "இல்ல, படி. சத்தமா படி பாக்கலாம். நாங்க வேணும்னா வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுட்டு வர்றோம்."

யாரும் சிரிக்கவில்லை.

"இ... இந்த," என்றேன். நின்றேன். காற்று தாளைப் படபடவென்று அடித்தது. "இந்த அறி... அறி..."

"அறிவிப்பை," என்று யாரோ ஒரு மாமா எடுத்துக் கொடுத்தார்.

"யாரும் எடுத்துக் குடுக்காதீங்க!" பின்னாலிருந்து என் அம்மாவின் குரல். "அவ படிப்பா. உங்களுக்கு எங்க போகணும்? லீவுதானே இன்னிக்கு?"

சனம் பாயில் உட்கார்ந்தது. நிஜமாகவே, நின்றவர்களும் உட்கார்ந்தார்கள். ஹைன்ட்ஸ் சார் மட்டும் நின்றார்.

"இந்த அறிவிப்பைக் கி... கி..." அந்தச் சொல் உதட்டில் உட்கார்ந்துகொண்டு இறங்க மாட்டேன் என்றது. நானும் விடவில்லை. எவ்வளவு நேரம் என்று தெரியாது. ஒரு பசு மணியாட்டிக்கொண்டு குறுக்கே போனது. அது போகும்வரை நின்றேன். "கிழிப்பவர்களுக்கு அபராதம் வி... விதிக்கப்படும். இப்படிக்கு, எஸ். ஹைன்ட்ஸ், தலைவர்."

பிறகு பட்டத்தைத் திருப்பித் திருப்பிக் காட்டினேன். மடிப்புதான் இருந்தது. வெட்டு இல்லை, ஓட்டை இல்லை.

கத்பர்ட் மாமா தொப்பியைக் கழற்றினார்.

"சார், நான் கிழிச்சா ஃபைன் என்மேல விழுமா, சொன்ன உங்கமேல விழுமா? எழுதிக் குடுத்துடுங்க சார். என் பொண்டாட்டி கேப்பா."

"கிழிக்க வேண்டாம்! இறக்கி எடுத்துட்டு வா!"

"முப்பத்தெட்டு நூலா சார்? நான் ஒரு ஆளு." ஆனாலும் அவர் பக்கத்தில் இருந்த பையனின் நூலைப் பிடித்துச் சுற்ற ஆரம்பித்தார். இவ்வளவு மெதுவாக ஒரு மனிதர் நூல் சுற்றி நான் பார்த்ததில்லை. ஷெமா அவருக்குக் கீழே போய் நின்றுகொண்டு அண்ணாந்து சொன்னாள்.

"மெதுவா மாமா. கிழிஞ்சா ஃபைன்."

அப்போதுதான் ரொட்டிக்கடை நஸ்மூன் ஆன்ட்டி தன் பாயிலிருந்து எழுந்து போர்வையைப் பிரித்தாள். ஆள் உயரப் பட்டம். சிவப்பும் பச்சையும். அவள் மகன் தலைப்பக்கம் பிடித்தான், அவள் முக்காட்டை இழுத்துச் செருகிக்கொண்டு நூலோடு ஓடினாள். பின்னாலேயே அடுத்த பாய், அடுத்த போர்வை. ஐந்து நிமிடத்தில் வானத்தில் இடம் இல்லை. பெரிய காளைகள் உறும ஆரம்பித்தன. அந்தச் சத்தத்தில் ஹைன்ட்ஸ் சார் ஏதோ சொன்னார், வாய் அசைந்தது தெரிந்தது. பிறகு குடையை விரித்துக்கொண்டு நடந்தார். மாடியில் ஆஸ்பர்ன் சன்னலை ஒவ்வொன்றாகச் சாத்தினார்.

மதியம் கத்பர்ட் மாமா கழுதை வண்டியில் எங்கள் ஒன்பது பட்டங்களையும் கொண்டுவந்து இறக்கினார். பவுண்டில் மாடு ஒன்று வந்துவிட்டது, இடம் பத்தவில்லை என்றார். அம்மா அவருக்குப் பன் கொடுத்தாள். ஷெமா தன் பட்டத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள்.

"இளைச்சுப் போயிருக்கு," என்றாள்.

இன்று செவ்வாய்க்கிழமை. காலையில் மன்றத்திலிருந்து முத்திரை போட்ட கடிதம் வந்திருக்கிறது. வியாழக்கிழமை நான் நேரில் வந்து விளக்கம் சொல்ல வேண்டுமாம். அம்மா தட்டு வைக்கும் இடத்தைப் பற்றியும் பேசுவார்களாம். அம்மா படித்துவிட்டு, "போகாதேன்னு சொல்ல மாட்டேன், போன்னும் சொல்ல மாட்டேன்," என்றாள். துல்சி மன்றத்துக்கு வெளியே பிள்ளைகளைக் கூட்டி நிறுத்துகிறேன் என்கிறாள். இந்தக் கடிதமும் நல்ல தாள்தான் அக்கா, மடிக்கலாம் என்கிறாள்.

மடிக்கப் போவதில்லை. அதை எடுத்துக்கொண்டு போவேன். எழுந்து நின்று விளக்கம் சொல்வேன், முதல் சொல்லிலிருந்து கடைசிச் சொல் வரை. மெதுவாகத்தான் வரும். ஹைன்ட்ஸ் சார் கடிகாரத்தைப் பார்க்கட்டும். உட்கார்ந்து கேட்கட்டும்.